கதவு கணக்கு, விளிம்பு கைவேலை

பெங்களூரில் தங்கை புதிதாக வாங்கிய ஃபிளாட்டின் சமையலறை. அட்டைப்பெட்டிகளில் பலகை பலகையாக வந்த அலமாரிகளை நானும் மாப்பிள்ளையுமாக இரண்டு நாள் தரையில் உட்கார்ந்து பூட்டி, சுவரில் ஏற்றிவிட்டோம். கதவுகளை மட்டும் கடையில் வாங்கவில்லை. கடையில் இருந்த வெள்ளைக் கதவு தங்கைக்குப் பிடிக்கவில்லை. அம்மா வீட்டு பீரோவின் தேக்கு நிறம் வேண்டுமாம். ஓசூர்ப் பக்கம் தெரிந்த ஆசாரி ஒருவரிடம் ஒரு தாளில் அளவு எழுதிக் கொடுத்தேன்: அகலம் 597, உயரம் 797 மில்லிமீட்டர், பன்னிரண்டு கதவு.

பத்து நாளில் கதவுகள் வந்தன. கீல் போடுவதற்கு முன் முதல் கதவைக் கூட்டின் முகத்தில் நிறுத்திப் பார்த்தோம், சரியாக நின்றது. பக்கத்துக் கதவை நிறுத்தியதும் இரண்டும் ஒன்றையொன்று நெட்டித் தள்ளின. டேப்பை வைத்துப் பார்த்தால் 601.

“நீங்க எழுதிக் குடுத்த அளவுக்குத்தானுங்க சார் அறுத்தேன்” என்றார் ஆசாரி.

“அண்ணே, 601 இருக்கே?”

“பலகை 597 தானுங்க. அதுக்கு மேல ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு மில்லி பட்டை ஒட்டியிருக்குதுங்கல்ல? பட்டை ஒட்டுறதுக்கு முந்தின அளவா, ஒட்டுனதுக்குப் பிந்தின அளவான்னு தாள்ல எழுதலையேங்க.”

தப்பு என்னுடையது. பன்னிரண்டு கதவையும் திரும்ப எடுத்துப்போய், பட்டையை உரித்து, பலகையை 593-க்கு இறக்கி, மறுபடி பட்டை ஒட்டிக் கொண்டுவர அவருக்கு ஒரு வாரம் பிடித்தது. நல்லவேளை, கீல் குழிகளை வீட்டில் வைத்துப் போடுவதாக இருந்தோம். பட்டறையிலேயே போட்டிருந்தால் விளிம்பை இறக்கியதில் குழிகளின் இடமும் மாறி, பலகை மொத்தமும் வீணாகியிருக்கும்.

ஆலையில் செய்த அலமாரிக் கூட்டுக்குத் தனியே செய்த கதவு பொருந்துமா, அது செலவுக்குத் தகுந்த வேலையா என்று பலர் கேட்கிறார்கள். பொருந்தும். ஆனால் அந்த வேலைக்குள் இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன. கதவு கணக்கால் பொருந்துகிறது. கதவைச் சுற்றியுள்ள சுவரோரப் பட்டை, பக்கப் பலகை, அடிப்பலகை, மேல்வரிசை ஆகியவை கைவேலையால் பொருந்துகின்றன. பெரும்பாலோர் பணத்தையும் கவலையையும் கதவின் மேல் கொட்டிவிட்டு, விளிம்பைக் கடைசி நாள் மாலைக்கு ஒத்திவைக்கிறார்கள். சமையலறை கோணலாகத் தெரிவது பெரும்பாலும் அங்கேதான்.

ஒரே கூடு, பல முகம்

சமையலறையை ஆலையில் செய்து வீட்டில் பொருத்தலாம் என்ற எண்ணம் பெரிய அளவில் நடைமுறைக்கு வந்தது ஜெர்மனியின் ஃபிராங்பர்ட் நகரில். மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் 1926-இல் வடிவமைத்த ‘ஃபிராங்பர்ட் சமையலறை’, எர்ன்ஸ்ட் மே தலைமையில் நடந்த நகரக் குடியிருப்புத் திட்டத்தில் சுமார் 10,000 வீடுகளில் பொருத்தப்பட்டது. வீடு எதுவாக இருந்தாலும் அலமாரி ஒன்றே.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீடுகளை வேகமாகக் கட்டவேண்டியிருந்த ஜெர்மனியில்தான் இன்றைய அலமாரியின் இலக்கணம் எழுதப்பட்டது. அதன் பெயர் 32 மில்லிமீட்டர் முறை. கூட்டின் பக்கப் பலகையில் 5 மி.மீ. விட்டமுள்ள துளைகள், ஒன்றுக்கொன்று 32 மி.மீ. தூரத்தில், பலகையின் முன்விளிம்பிலிருந்து 37 மி.மீ. தள்ளி, மேலிருந்து கீழாக வரிசையாக விழும். கீலின் தட்டு, இழுப்பறையின் சேனல், தட்டு தாங்கும் குச்சி மூன்றும் அந்தத் துளைகளிலேயே உட்காரும். கீல் செய்யும் நிறுவனம் ஆஸ்திரியாவில் இருக்கலாம், கூடு செய்யும் ஆலை போலந்தில் இருக்கலாம். துளை பேசும் மொழி ஒன்று.

கூட்டைப் பிரித்துத் தட்டையாக அடுக்கி விற்கும் வழக்கத்தை உலகெங்கும் கொண்டுபோனது ஸ்வீடனின் ஐகியா. 1943-இல் இங்வார் காம்பிராட் தொடங்கிய அந்த நிறுவனம் 1956-இல் தட்டைப் பெட்டி விற்பனைக்கு வந்தது. தனிக்கதவுத் தொழிலுக்கு வாசல் திறந்தது, பல பத்தாண்டுகள் கழித்து அதே நிறுவனம் செய்த ஒரு மாற்றம். ஐரோப்பாவில் ஃபாக்டம் என்ற அலமாரி வரிசையை நிறுத்தி, 2013–14-இல் மெட்டாட் வரிசையைக் கொண்டுவந்தார்கள். ஃபாக்டத்தின் கீழ் அலமாரி 70 செ.மீ. உயரம், மெட்டாடுக்கு 80. வட அமெரிக்காவில் அகுரம் போய் 2015-இல் செக்‌ஷன் வந்தது. பழைய கூடு திடமாக நிற்கிறது, அதற்குப் புதுக் கதவு கடையில் கிடையாது. கூட்டைத் தூக்கி எறிவதா, கதவைச் செய்துகொள்வதா என்று ஆயிரக்கணக்கான வீடுகளில் கேள்வி எழுந்தது.

இன்னொரு பக்கம், புதுக் கூட்டையே வாங்கி வேறு முகம் கேட்டவர்களும் பெருகினார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் செமிஹேண்ட்மேட் 2011-இலும், ஸ்டாக்ஹோமில் சூப்பர்ஃபிரண்ட் 2013-இலும், கோபன்ஹேகனில் ரிஃபார்ம் 2014-இலும் தொடங்கின. லண்டனில் பிளைகியா பிர்ச் பிளைவுட் கதவுகளால் பெயர் பெற்றது. ரிஃபார்ம் தன் கதவுகளை வடிவமைக்க பியார்க்கே இங்கெல்ஸின் நிறுவனத்தையும் ஹென்னிங் லார்சன் நிறுவனத்தையும் அழைத்தது. கூடு பொதுவானது, முகம் தனக்கானது என்ற பிரிவினையே ஒரு வியாபாரமானது.

இந்தியாவில் ஐகியாவின் முதல் கடை 2018 ஆகஸ்டில் ஐதராபாத்தில் திறந்தது. 2020 டிசம்பரில் நவி மும்பை, 2022 ஜூனில் பெங்களூர். இங்கே தனிக்கதவுக்கென்று கம்பெனியைத் தேடிப் போகவேண்டியதில்லை. ‘ஷட்டர்’ என்று சொன்னால் போதும், எந்தத் தெரு ஆசாரியும் செய்து கொடுப்பார். அவரிடம் கொடுக்கும் தாளில் என்ன எழுதவேண்டும் என்பதுதான் பிரச்சினை.

மூன்று மில்லிமீட்டர்

மெட்டாட் அலமாரியில் கதவின் அளவு, கூட்டின் பெயரளவைவிட 3 மி.மீ. குறைவு. 60 செ.மீ. கூட்டுக்கு 597 மி.மீ. கதவு, 80 செ.மீ. உயரத்துக்கு 797. அந்த மூன்றில் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். அடுத்த கூட்டின் கதவும் அப்படியே ஒன்றரை விடுவதால், இரண்டு கதவுக்கு நடுவே 3 மி.மீ. கோடு விழுகிறது. 80 செ.மீ. கூட்டில் இரட்டைக் கதவு என்றால் 397-உம் 397-உமாக 794. நடுவில் மூன்று, ஓரங்களில் ஒன்றரை ஒன்றரை, மொத்தம் 800.

இழுப்பறை முகங்களில் கணக்கு இன்னும் நெருக்கம். 80 செ.மீ. உயரத்தை 20, 20, 40 என்று பிரித்தால் 197, 197, 397. மூன்றும் சேர்ந்து 791, மூன்று இடைவெளிக்கு 9. ஒவ்வொரு முகத்தையும் ஆசாரி ஒரே ஒரு மில்லிமீட்டர் கூட்டி அறுத்தால் ஓர் இடைவெளி அப்படியே காணாமல் போகும். ஒரு மில்லிமீட்டர் என்பது பென்சில் கோட்டின் தடிமன். கோட்டின் எந்தப் பக்கம் ரம்பம் போனது என்பதே அந்த வித்தியாசம்.

பிரிட்டனில் பரவலாக உள்ள அளவு வேறு. 720 மி.மீ. உயரக் கூட்டுக்கு 715 மி.மீ. கதவு; 600 அகலத்துக்கு 596 அல்லது 597. ஒரு நாட்டு அளவுப் பட்டியலை எடுத்து இன்னொரு நாட்டுக் கூட்டுக்குப் பயன்படுத்தினால் இப்படித்தான் மாட்டிக்கொள்வோம். பட்டியலைவிட நம்பகமானது ஒரு அசல் கதவு. ஒரே ஒரு கதவைக் கடையில் வாங்கி, அதை ஆசாரியின் பட்டறையில் மாதிரியாக வைத்துவிட்டால் பாதிச் சண்டை மிச்சம்.

அளவுத் தாளில் நான்கு சொற்கள் கட்டாயம் இருக்கவேண்டும்: ‘எல்லாம் ஒட்டி முடிந்த அளவு.’ நம் ஊர் ஷட்டர் 18 மி.மீ. பிளைவுட், வெளியே 1 மி.மீ. லேமினேட், உள்ளே 0.8 லேமினேட் என்று கிட்டத்தட்ட 20 மி.மீ. தடிமனுக்கு வந்துவிடும். நாலு ஓரத்திலும் 2 மி.மீ. எட்ஜ் பேண்ட் ஒட்டினால் அகலத்திலும் உயரத்திலும் நாலு நாலு கூடும். எங்கள் 601 அப்படி வந்ததுதான்.

தடிமன் கூடுவதற்கும் விலை உண்டு. ஐரோப்பியக் கீல் ஒரு குறிப்பிட்ட வட்டத்தில் சுழல்கிறது. கதவு தடித்தால் திறக்கும்போது அதன் கீல் பக்க மூலை பக்கத்துக் கதவில் உரசும். அதற்கு இரண்டு வழி: இடைவெளியைக் கூட்டுவது, அல்லது கதவின் ஓரத்தை லேசாக உருட்டுவது. மேடைக்கல்லும் கணக்கில் வரவேண்டும். 60 செ.மீ. ஆழக் கூட்டில் 2 செ.மீ. கதவு சேர்ந்தால் 62. ஐகியாவின் மேடைப் பலகை 63.5 செ.மீ. ஆழம், அதாவது கதவைத் தாண்டி ஒன்றரை செ.மீ. நீட்டம். கதவு தடிக்கத் தடிக்க அந்த நீட்டம் குறைந்து, மேடையில் வழியும் தண்ணீர் கதவின் தலையில் சொட்டும்.

கீலின் குழி

கடைகளில் ‘ஆட்டோ ஹிஞ்ச்’ என்று கேட்டால் தரும் கீலின் கிண்ணம் 35 மி.மீ. விட்டம். ஆஸ்திரியாவின் புளூம், ஜெர்மனியின் ஹெட்டிக், இத்தாலியின் சாலிச்சே மூன்றிலும் கிண்ணம் அதேதான். ஆனால் கிண்ணத்தின் இருபுறமும் திருகு விழும் இடம் ஒன்றல்ல. புளூமில் திருகுகள் 45 மி.மீ. இடைவெளியில், கிண்ண மையத்திலிருந்து 9.5 தள்ளி, ஹெட்டிக்கில் 52, 5.5, சாலிச்சேயில் 48, 6. ஒரு கீலுக்குத் துளை போட்ட கதவில் இன்னொரு கீலை மாட்டப் பார்த்தால் கிண்ணம் உட்காரும், திருகு உட்காராது. எந்தக் கீல் என்பதை முடிவு செய்த பிறகே கதவைத் துளைக்கவேண்டும்.

குழியின் ஆழம் சுமார் 13 மி.மீ. கதவு 16 மி.மீ. என்றால் முன்முகத்தில் மிஞ்சுவது மூன்றே மில்லிமீட்டர். குழி போடும் பிட்டின் நடு முனை அதைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தால் வெனீர் முகத்தில் புள்ளியாக ஓட்டை தெரியும். கையில் பிடிக்கும் டிரில்லால் இதைச் செய்யும் ஆசாரிகள் பிட்டில் நிறத் தாளைச் சுற்றி ஆழத்துக்கு அடையாளம் வைப்பார்கள். முதல் குழியைக் கழிவுப் பலகையில் போட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது.

குழியின் விளிம்புக்கும் கதவின் விளிம்புக்கும் நடுவே பொதுவாக 3 முதல் 6 மி.மீ. விடுவார்கள். கதவு கூட்டை எவ்வளவு மூடும் என்பதை இந்தத் தூரமும் கீலின் வளைவும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அந்த வளைவை நம் ஊர்க் கடைகளில் ‘கிராங்க்’ என்பார்கள். ஜீரோ கிராங்க் கூட்டை முழுதும் மூடும் கதவுக்கு. எட்டு, இரண்டு கதவு ஒரே பலகையைப் பங்கிட்டுக்கொள்ளும் இடத்துக்கு. பதினாறு, கூட்டுக்குள் அடங்கும் கதவுக்கு. தட்டைப்பெட்டி அலமாரிகள் பெரும்பாலும் முழு மூடல். கதவு கூட்டுக்குள் அடங்கியிருக்க வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் கூட்டின் முகத்தில் தனியாகச் சட்டம் அடித்துத்தான் ஆகவேண்டும். உள்ளே வரும் இழுப்பறைகளை அந்தச் சட்டம் மறிக்கும்.

எடையைப் பலர் யோசிப்பதில்லை. எம்.டி.எஃப். பலகை ஒரு கன மீட்டருக்குச் சுமார் 750 கிலோ. 597-க்கு 797 அளவில் 18 மி.மீ. கதவு ஆறரை கிலோ வரும். இரண்டு கீல் தாங்கும். அதே அகலத்தில் 2 மீட்டர் உயரக் கதவு 16 கிலோ. அதற்கு நாலு கீல் வேண்டும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் முகத்தில் மாட்டும் கதவுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். அந்தக் கதவின் ஸ்பிரிங் குறிப்பிட்ட எடைக்கே அமைக்கப்பட்டது. கனத்த மரத்தை மாட்டினால் திறந்த கையிலிருந்து நழுவித் தொப்பென்று விழும்.

இவ்வளவுக்குப் பிறகும் மிஞ்சும் சிறு பிசகைக் கீல் மன்னிக்கும். நல்ல கீலில் பக்கவாட்டில் இரண்டு, மேல்கீழாக இரண்டு, முன்பின்னாக இரண்டு மூன்று மில்லிமீட்டர் திருகி நகர்த்தலாம். அந்த நகர்வு வரிசையை நேராக்கத்தான். பெரிதாகப் போன கதவை அது சிறிதாக்காது.

எந்தப் பலகை?

பெயின்ட் அடிக்கும் கதவுக்கு எம்.டி.எஃப். பலகையே சிறந்தது, இழை இல்லாததால் அசையாது, செதுக்கினால் வழுவழுப்பாக வரும். அதன் பலவீனம் ஓரம். பலகையின் முகத்தைவிட ஓரம் பெயின்டைப் பஞ்சு மாதிரி உறிஞ்சும். ஓரத்துக்கு மட்டும் இரண்டு மூன்று முறை பிரைமர் அடித்துத் தேய்த்தால்தான் பாலியூரித்தேன் (பி.யூ.) பெயின்ட் ஒரே மினுக்கில் நிற்கும். எந்தப் பலகையானாலும் இரண்டு முகத்திலும் ஒரே அளவு பூச்சு வேண்டும். வெளியே லேமினேட்டும் உள்ளே வெறும் பலகையுமாக விட்டால், ஈரம் ஒரு பக்கம் மட்டும் ஏறி, ஒரே மழைக்காலத்தில் கதவு வில்லாக வளையும்.

அசல் மரக் கதவு கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. இழையின் குறுக்கே மரம் ஈரத்தோடு விரியும், சுருங்கும். 400 மி.மீ. அகல ஓக் பலகை, அதன் ஈரப்பதம் 4 சதவீதம் மாறினால், அறுத்த விதத்தைப் பொறுத்து 6 மி.மீ. வரை அசையக்கூடும். நம் இடைவெளியோ மூன்று. தேக்கு குறைவாக அசையும், ஆனாலும் அசையும். இந்தச் சிக்கலுக்குப் பழைய தச்சர்கள் கண்ட தீர்வுதான் சட்டமும் நடுப்பலகையுமான கதவு. நாலு சட்டத்தைக் கூட்டி, நடுப்பலகையை ஒட்டாமல் பள்ளத்தில் மிதக்கவிடுவார்கள். பலகை உள்ளே அசைந்துகொள்ளும், கதவின் வெளி அளவு மாறாது. அமெரிக்காவின் ஷேக்கர் மதக் குழுவினரின் எளிய மரவேலையின் பெயரால் இன்று உலகமெல்லாம் விற்கும் ‘ஷேக்கர் கதவு’ இந்த வகைதான். நம் ஊர்ப் பழைய வாசற்கதவைக் கிட்டத்தில் பார்த்தால் அதே யோசனை தெரியும்.

சூட்டில் அழுத்தி ஒட்டிய பிவிசி தோல் கதவு பார்க்க மலிவு, துடைக்கச் சுலபம். ஆனால் அடுப்புக்கும் ஓவனுக்கும் பக்கத்தில் சூடு பட்டுப்பட்டு ஓரத்தில் உரிய ஆரம்பிக்கும். ஒருமுறை உரிந்தால் பழையபடி ஒட்டாது.

சுவரோடு சமரசம்

கதவைப் பற்றி இதுவரை சொன்னதெல்லாம் வீட்டைப் பார்க்காமலேயே செய்யக்கூடியவை. கூட்டின் அளவு தெரிந்தால் கதவை எங்கிருந்தும் செய்து அனுப்பலாம். கூடு சதுரம், துளை சீர். சுவர் அப்படி இல்லை.

எந்தச் சுவரில் வேண்டுமானாலும் தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். மேலே ஒட்டியிருக்கும் நூல் கீழே விலகியிருக்கும். பூச்சு வேலையில் வயிறு தள்ளியிருக்கும். மூலை தொண்ணூறு பாகையில் நிற்காது. சதுரமான கூடுகளை இந்தச் சுவருக்குள் வைக்கும்போது ஓரங்களில் ஆப்பு வடிவ இடைவெளிகள் மிஞ்சும். அவற்றை நிரப்பும் பொருள்களைச் சேர்த்துத்தான் விளிம்பு வேலை என்கிறோம்: சுவரோரத்தில் ஃபில்லர் பட்டை, வரிசையின் முடிவில் பக்கப் பலகை, கால்களை மறைக்கும் ஸ்கர்டிங், மேலே கூரை வரை போகும் மேல்வரிசை, மேல் அலமாரிக்கு அடியில் விளக்கை மறைக்கும் பட்டை.

ஃபில்லர் பட்டைக்கு இரண்டு கடமை. ஓர் ஓட்டையை அடைப்பது ஒன்று. இழுப்பறையும் கதவும் திறக்க இடம் விடுவது மற்றது. சுவரை ஒட்டிக் கூட்டை வைத்துவிட்டால் கதவின் கைப்பிடி சுவரில் இடிக்கும். எல் வடிவ மூலையில் இரண்டு பக்க இழுப்பறைகளின் கைப்பிடிகளும் ஒன்றையொன்று மோதும். கைப்பிடி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறதோ அதைவிடக் கூடுதலாக ஃபில்லர் இருந்தே தீரவேண்டும். கைப்பிடியைக் கடைசியில் தேர்ந்தெடுப்பவர்கள் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

சுவரின் வளைவைப் பட்டையில் படி எடுக்கும் வேலையை ஆசாரி செய்ததைக் கிட்டத்தில் நின்று பார்த்தேன். பட்டையை வேண்டிய அளவைவிட அகலமாக அறுத்துக் கொண்டுவந்திருந்தார். அதைக் கூட்டுக்கு முன்னால் ரசமட்டம் வைத்து நேராக நிறுத்தி, இரண்டு கிளாம்ப் போட்டுப் பிடித்தார். சுவருக்கும் பட்டைக்கும் நடுவே மேலே 4 மி.மீ., கீழே 17. கவராயத்தை 17-க்குத் திறந்து, ஒரு கால் சுவரைத் தடவ, பென்சில் கால் பட்டையில் ஓட, மேலிருந்து கீழே ஒரே இழுப்பில் இறக்கினார். சுவரில் பூச்சுக்காரர் கொல்லறு வைத்து அழுத்திய இடமெல்லாம் பட்டையில் கோடாக வந்து விழுந்தது. கோட்டின் வெளியே ரம்பம் விட்டு, மீதியை இழைப்புளியால் பின்பக்கம் சரிவாகச் சீவினார். சுவரைத் தொடுவது முன் ஓரம் மட்டும்தான். பின்னால் கொஞ்சம் காற்று. “முழுசும் ஒட்டினா ஒரு இடத்துல தூக்கும், ஒரு இடத்துல பள்ளம் விடும்” என்றார். மறுபடி வைத்தபோது ஒரு காகிதம் நுழையவும் வழியில்லை.

இந்தப் பட்டையைக் கதவின் முகத்தோடு ஒரே தளத்தில் வைப்பதா, கூட்டின் முகத்தோடு கொஞ்சம் உள்ளே வைப்பதா என்று இரு கருத்து உண்டு. உள்ளே வைத்தால் நிழல் விழுந்து தப்புகளை மறைக்கும். அவசர வேலைக்கு அதுதான் தோது. கதவோடு ஒரே தளத்தில் வைத்து, நடுவில் அதே 3 மி.மீ. கோட்டை விட்டால்தான் சமையலறை அந்த வீட்டுக்கென்றே செய்தது மாதிரி தோன்றும். அதற்குக் கூட்டின் பக்கத்தில் ஒரு எல் வடிவச் சட்டத்தைத் திருகி, அதன் மேல் பட்டையை நிறுத்தவேண்டும். கொஞ்சம் கூடுதல் வேலை, தயங்கவேண்டாம்.

மேல்வரிசைக்கும் இதே போல ஒரு பொறி உண்டு. முகச் சட்டம் உள்ள பழைய அமெரிக்க அலமாரியில் மோல்டிங்கை நேரே அந்தச் சட்டத்தில் அடித்துவிடலாம். தட்டைப்பெட்டிக் கூட்டுக்கு முகச் சட்டமே கிடையாது. மேலே கதவுதான் இருக்கிறது, கதவில் ஆணி அடிக்க முடியாது. முதலில் கூட்டின் தலையில் ஒரு ரீப்பரைத் திருகி, அதில் கதவின் தளத்துக்கு வரும்படி ஒரு நேர்ப் பட்டை நிறுத்தி, அதன் மேல்தான் மோல்டிங்கை உட்காரவைக்கவேண்டும். கூரை அலை அலையாக இருந்தால் மோல்டிங்கை வளைக்கக் கூடாது. நேர்ப் பட்டையின் மேலோரத்தைக் கூரைக்குப் படி எடுத்துவிட்டு, மோல்டிங்கை ரசமட்டத்துக்கு ஓட்டவேண்டும். கண் முதலில் பார்ப்பது மோல்டிங்கின் கோட்டைத்தான்.

இதிலிருந்து இரண்டு நடைமுறை விதிகள் பிறக்கின்றன. ஒன்று, விளிம்புக்கான அளவைக் கூடு ஏறிய பிறகே எடுக்கவேண்டும். இரண்டு, கதவு செய்யும்போதே அதே லாட் லேமினேட்டில் அல்லது அதே கலவைப் பெயின்டில் ஒரு முழுப் பலகை கூடுதலாகச் செய்து வைக்கவேண்டும். ஆறு மாதம் கழித்து அதே நிறம் என்று வாங்குவது அதே நிறமாக இருப்பதில்லை.

நம் ஊர்ச் சமையலறையில்

யோசித்துப் பார்த்தால், நிலைத்த கூட்டுக்குத் தனிக்கதவு செய்வது தமிழ் வீடுகளுக்குப் புதிதே அல்ல. கொத்தனார் மேடை கட்டி, அடியில் கடப்பாக் கல்லை நிறுத்திப் பிரித்துவிட்டுப் போவார். பல வருஷம் கழித்துக் கையில் காசு வரும்போது ஆசாரியைக் கூப்பிட்டு அந்தத் திறப்புகளுக்குக் கதவு போடுவோம். அங்கே ஒரு திறப்பு மாதிரி இன்னொன்று இருக்காது. அதனால் ஆசாரி ஒவ்வொன்றுக்கும் மரச் சட்டம் அடித்து, சட்டத்துக்குள் கதவைச் சீவிச் சீவி இறக்குவார். கூடு கோணல், கதவு கைவேலை. தட்டைப்பெட்டி வந்ததும் கூடு நேரானது; கைவேலை கதவிலிருந்து நகர்ந்து விளிம்புக்குப் போனது. கோணல் காணாமல் போகவில்லை, ஓரத்துக்கு ஒதுங்கியது, அவ்வளவுதான்.

இங்குள்ள நிலைமைகளும் வேறு. ஐரோப்பியக் கூடு பெரும்பாலும் மெலமைன் பூசிய துகள்பலகை. தண்ணீர் ஓரத்தில் ஏறினால் உப்பும், உப்பினால் திரும்பாது. நம் ஆசாரிகள் பிளைவுட் என்று பிடிவாதம் பிடிப்பதில் நியாயம் உண்டு. ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பிளைவுட்டின் ஒட்டு, 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் பிரியாமல் இருக்கவேண்டும் என்பது தர விதி. ஆனால் கூடு 8 செ.மீ. பிளாஸ்டிக் கால்களில் நிற்பதால் தரையைக் கழுவும் தண்ணீர் கூட்டைத் தொடாது. தொடுவது ஸ்கர்டிங்கை. நம் வீட்டில் வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவும் பழக்கம் இருந்தால், கதவு எதில் செய்தாலும் ஸ்கர்டிங்கை மட்டும் அலுமினியத்திலோ பிவிசியிலோ போடுவது புத்திசாலித்தனம். சிங்க்குக்கு அடியில் உள்ள கூட்டின் வெட்டிய ஓரங்களில் சிலிகான் தடவிவிடுவதும் ஐந்து நிமிட வேலை.

மேடைக்கடியில் 14.2 கிலோ சிலிண்டர் வைக்கும் வீடுகளில் அந்தக் கதவுக்குத் தனி யோசனை வேண்டும். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழேதான் தேங்கும். கதவின் அடிப்பகுதியில் காற்றோட்டத் துளைகளோ சாய்பட்டைகளோ இருக்கவேண்டும். தனியே செய்யும் கதவில் அதைச் சொல்லிச் செய்துகொள்ளலாம். தனிக்கதவுக்கு இங்கே அழகைத் தாண்டிய ஒரு காரணம் அது.

மூன்று கட்சி

இந்த விஷயத்தில் மூன்று கட்சி உண்டு. கூடும் கதவும் ஒரே கடையில் வாங்கு, உத்தரவாதமும் சேர்ந்து வரும் என்பது முதல் கட்சி. இதில் உண்மை இருக்கிறது. பல நாடுகளில் மெட்டாடுக்குத் தரும் 25 ஆண்டு உத்தரவாதம் அவர்களின் பாகங்களுக்கானது. வெளியே செய்த கதவால் வந்த கோளாறுக்கு அவர்களிடம் போய் நிற்க முடியாது. இரண்டாவது கட்சி ஆசாரிகளுடையது: கூட்டையும் நாங்களே பிளைவுட்டில் செய்கிறோம், துகள்பலகைக்கு ஏன் காசு? தரமான ஆசாரி கிடைத்து, அவருக்கு நேரமும் இருந்தால் இதற்குப் பதில் இல்லை. ஆனால் நூறு துளையை ஒரே கோட்டில் போடுவதில் இயந்திரத்தோடு மனிதக் கை போட்டி போடவேண்டிய அவசியம் என்ன?

நான் மூன்றாவது கட்சி. துளையும் சதுரமும் இயந்திரத்தின் வேலை; அதை ஆலையிடம் விடலாம். ஆசாரியின் கை வேறெதுவும் ஈடாகாத இடத்தில், சுவரும் கூடும் சந்திக்கும் ஓரத்தில், செலவாகட்டும். இருபது வருஷம் கழித்து நிறம் சலித்தால் கதவைக் கழற்றி வேறு மாட்டலாம். கூடு குப்பைக்குப் போகாது. அப்படி மாற்றவேண்டுமானால் இன்று போட்ட துளைகளும் அளவும் அன்று யாருக்காவது தெரியவேண்டும்.

எங்கள் ஆசாரிக்கு அது தெரிந்திருந்தது. கடைசி ஃபில்லர் பட்டையைத் திருகுவதற்கு முன் அதைத் திருப்பிப் போட்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, பின்பக்கம் எழுதினார்: ‘மேலே 54, கீழே 67. கதவு முடிஞ்ச அளவு 597.’ யாருக்கு என்று கேட்டேன்.

“அடுத்து வர்ற ஆசாரிக்குங்க சார். அவரும் உங்ககிட்ட தாள் வாங்கிட்டுப் போயி மாட்டிக்க வேண்டாமில்லீங்க?”